அடிமை ஒழிப்போரின் சொல்வன்மை: "நாம்" என்பவர் யாவர்?

வாளால் முடிந்த காரியங்களைச் சரித்திரம் பெரிய எழுத்தில் எழுதிவைக்கும். சொல்லால் முடிந்த காரியங்கள் அத்துணை மிகுதியல்ல. அச்சிலவற்றுள் முன்வைத்து எண்ணத் தக்கது, 1787 முதல் 1838 வரை இங்கிலாந்தில் அடிமை வாணிகத்தையும், அதன்பின் அடிமை முறையையும் எதிர்த்து நடந்த கிளர்ச்சியாகும். கூட்டமும், பிரசுரமும், விண்ணப்பமும் கொண்டு, மிகுந்த இலாபம் தந்துவந்த ஒரு வாணிகத்தை அந்நாட்டுப் பார்லிமெண்டே தடுக்கும்படி செய்தனர் அக்கிளர்ச்சிக்காரர்.

நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில் இவ்வரலாறு ஒரே பக்கத்தில் சொல்லி முடிக்கப்பட்டது. வில்லியம் வில்பர்போர்ஸ் என்னும் கருணையாளர் பேசினார், கேட்டோர் உருகினர், அடிமைகள் விடுதலை பெற்றனர் என்பதே அப்பக்கத்தின் சாரம். அவர் முதன்முதல் பேசிய 1789ஆம் ஆண்டுக்கும் விடுதலைச் சட்டம் நிறைவேறிய 1833ஆம் ஆண்டுக்கும் இடையே 44 ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. விடுதலை பெற்றவர்களுள் ஒருவரும் அப்பக்கத்தில் வாய் திறக்கவில்லை என்பதும் அன்று நமக்குத் தோன்றவில்லை. பின்னாளில் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் தொழிலை மேற்கொண்டபின், ஓய்வு வேளைகளில் அம்மனிதர்களின் பேச்சுக்களையும் பிரசுரங்களையும் எடுத்துப் படித்தோம். படிக்கப் படிக்க ஒரு வினா எழுந்தது. இவர்கள் யாரை நோக்கிப் பேசினர்? யாருக்காகப் பேசினர்? அவ்விருவருள் யாருடன் தம்மைச் சேர்த்துக்கொண்டு "நாம்" என்றனர்?

தமிழருக்கு இவ்வினா எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய் இருப்பது நம் மொழியில் இரண்டாய் நிற்கின்றது. கேட்பவனையும் சேர்த்துக்கொள்வது "நாம்". கேட்பவனை வெளியே நிறுத்துவது "நாங்கள்". இவ்வேற்றுமையையே அளவுகோலாகக் கொண்டு அடிமை ஒழிப்போரின் சொல்வன்மையை ஈண்டு ஆராய்வோம்.

மண்டியிட்ட உருவம்

1787 மே 22ஆம் நாள் லண்டன் நகரில் ஓர் அச்சுக்கூடத்தில் 12 பேர் கூடி, அடிமை வாணிக ஒழிப்புக்கென ஒரு சங்கம் கண்டனர். அவர்களுள் 9 பேர் க்வேக்கர் மதத்தினர். ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் புகழ்பெற்ற மட்பாண்டத் தொழிலதிபர் அவர்களது கொள்கைக்கென ஒரு சிறு வில்லை செய்தளித்தார். விலங்கிட்ட ஆப்பிரிக்கன் ஒருவன் முழங்காலில் நின்று, கைகளைக் கூப்பி மேல்நோக்கி, நான் ஒரு மனிதனும் சகோதரனும் அல்லனோ என்று வினவுவதாக அதில் பொறிக்கப்பட்டிருந்தது. சீமாட்டிகள் அதனைக் கைவளையில் பதித்து அணிந்தனர். கனவான்கள் தம் பொடி டப்பியின் மூடியில் பதித்துக்கொண்டனர். அதற்கு முன் அடிமையைப்பற்றி ஒரு நிமிஷமும் எண்ணியிராத பல்லாயிரம் வீடுகளில் அவ்வுருவம் நுழைந்தது. இஃது எளிய வெற்றியன்று.

ஆயினும் அவ்வுருவத்தைச் சற்று உற்று நோக்குவோம். அதன் வாய் "சகோதரன்" என்கின்றது. அதன் முழங்காலோ "யாசகன்" என்கின்றது. சகோதரன் சகோதரனிடம் மண்டியிட்டுக் கேட்பதில்லை. அவ்வினாவுக்கு விடை சொல்லும் அதிகாரம் முழுவதும் வில்லையை அணிந்திருப்பவர் கையில் இருக்கின்றது. அவர் இரங்கினால் அவன் மனிதன், இரங்காவிடில்? இரக்கத்தைக் கிளறுவது சொல்வன்மையின் பழைய வழி. விரைவில் பயன் தரும் வழியுங்கூட. ஆனால் இரக்கம் கொள்பவர் தம் நாற்காலியை விட்டு எழவேண்டிய அவசியமில்லை. இக்குறை இக்கிளர்ச்சியின் பிற்காலத்தில் எங்ஙனம் வெளிப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அளவுகோலும் பேரேடும்

இவ்வில்லைக்கு நேர்மாறான ஒரு முறையை இக்கிளர்ச்சியில் வளர்த்தவர் தாமஸ் கிளார்க்சன். 1785இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில், ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாக அடிமைப்படுத்தல் நியாயமாகுமோ என்னும் பொருள்பற்றி லத்தீன் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. பரிசு ஒன்றையே கருதி எழுதத் தொடங்கிய அவ்வாலிபர் பரிசும் பெற்றார். பெற்றபின் லண்டனுக்குக் குதிரையேறிச் செல்கையில், வேட்ஸ்மில் என்னும் ஊருக்கு அருகே இறங்கி வழியோரத்தில் அமர்ந்துவிட்டார். தாம் எழுதியது மெய்யாயின், அக்கொடுமைக்கு முடிவு காண யாரேனும் ஒருவர் முன்வரவேண்டும் என்ற எண்ணம் அவரை மேலே செல்லவிடவில்லை. எழுதியதைத் தாமே நம்பத் துணிந்த எழுத்தாளர் அவர்.

அதன்பின் அவர் செய்தது பிரசங்கமன்று, கணக்கெடுப்பு. பிரிஸ்டல், லிவர்பூல் முதலிய துறைமுகங்களுக்குச் சென்றார்; மாலுமிகளை விசாரித்தார்; கப்பல்களின் ஆள்பேர்ப் பதிவுகளைப் புரட்டினார். அடிமைக் கப்பல்கள் ஆங்கில மாலுமிகளுக்கு நல்ல பயிற்சிக்களம் என்று வணிகர் பறைசாற்றிவந்தனர். அவை மாலுமிகளின் சவக்குழி என்பதை அக்கப்பல்களின் பதிவுகளைக்கொண்டே நிலைநாட்டினார். லிவர்பூல் கடையொன்றில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நெரிக்கும் திருகு, உண்ண மறுப்போரின் வாயைப் பலவந்தமாய்த் திறக்கும் கருவி ஆகியவற்றை விலைகொடுத்து வாங்கி, சென்ற இடமெல்லாம் எடுத்துக் காட்டினார். மேடையில் அவற்றை வைத்தபின் அடைமொழிகளுக்கு என்ன வேலை?

இம்முறையின் சிகரம், "புரூக்ஸ்" என்னும் லிவர்பூல் கப்பலின் வரைபடம். 1788ஆம் ஆண்டின் இறுதியில் பிளிமத் நகரச் சங்கத்தார் இதனை முதலில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு லண்டன் சங்கத்தார் விரிவாக்கி அச்சிட்டனர். அக்கப்பலின் நீள அகலங்கள் அரசாங்கத்துக்காக எடுக்கப்பட்ட அளவுகளேயாம். 1788ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் 454 பேரை ஏற்றலாம். ஆடவன் ஒருவனுக்கு 6 அடி நீளமும் 1 அடி 4 அங்குல அகலமுமாக இடம் ஒதுக்கி, அவர்கள் எங்ஙனம் அடுக்கப்படுவர் என்பதைக் கோடு கோடாய் வரைந்து காட்டினர். சட்டம் வருமுன் அதே கப்பல் 600க்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்றதுண்டு. படத்தில் கண்ணீர் இல்லை, கூக்குரல் இல்லை, கூப்பிய கரமும் இல்லை. அளவுகோல் மட்டுமே இருந்தது. பார்த்தவர்கள் பேச்சற்று நின்றனர்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்த "ஸாங்" கப்பல் விவகாரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 1781ஆம் ஆண்டின் இறுதியில், குடிநீர் குறைந்தது என்று காரணங்கூறி, அக்கப்பலில் இருந்த 130க்கு மேற்பட்ட அடிமைகள் கடலில் எறியப்பட்டனர். பின்னர்க் கப்பலுக்குடையோர், எறியப்பட்ட "சரக்கு"க்காகத் தலைக்கு 30 பவுன் வீதம் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வழக்காடினர். 1783இல் அவ்வழக்கு மேல்விசாரணைக்கு வந்தபோது, சட்டத்தின் கண்ணுக்கு இது குதிரைகளைக் கடலில் எறிந்ததை ஒத்ததே என நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு குறிப்பிட்டார். கொலை வழக்கு எழவே இல்லை. இச்செய்தியைக் கிரான்வில் ஷார்ப் என்பவரிடம் ஓடிச் சென்று தெரிவித்தவர், முன்பு அடிமையாயிருந்த ஒலாடா எக்குயானோ. சட்டத்துக்குக் கொலையாகத் தோன்றாத அச்செயலை, இன்ஷூரன்ஸ் கணக்கைக்கொண்டே உலகறியச் செய்தனர் அடிமை ஒழிப்போர்.

கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இப்பகுதி தனிப்பட்ட முறையில் உறைத்தது. பேரேடு யார் பக்கமும் சாயாதது என்று எண்ணுவது எம் தொழிலோரின் வழக்கம். அப்படியன்று, பேரேடு தன்னை எழுதுவித்தவனுக்கு எதிராகவும் ஒருநாள் சாட்சி சொல்லும். அது உண்மையாய் எழுதப்பட்டிருக்கவேண்டும், எடுத்துப் படிக்க ஒரு கிளார்க்சன் வரவேண்டும், அவ்வளவே.

வில்பர்போர்ஸின் "நாம்"

1789 மே 12ஆம் நாள் வில்பர்போர்ஸ் பார்லிமெண்டில் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். அப்பேச்சின் சிறப்பு அதன் தொடக்கத்திலேயே விளங்குகின்றது. தாம் யாரையும் குற்றஞ்சாட்ட வரவில்லை என்றும், இக்கொடுமையை நடக்கவிட்ட பழி தமக்கும் அச்சபைக்கும் பொதுவானதென்றும், எல்லோரும் குற்றவாளிகளே என்றும் அவர் கூறினார். எதிரியின் கையிலிருந்த ஆயுதத்தை இச்சொல் பறித்துவிட்டது. "நீங்கள் கொடியவர்" என்றால் லிவர்பூல் உறுப்பினர் சீறியெழுவர். "நாம் பாவிகள்" என்றால் எதிர்த்துப் பேச யாரால் இயலும்?

அவர் கையாண்ட இன்னொரு முறையும் நோக்கத்தக்கது. நாரிஸ் என்னும் லிவர்பூல்காரர் விசாரணைக் குழுவின்முன், அடிமைகளின் கடற்பயணத்தை ஓர் உல்லாசப் பயணம்போல் வருணித்திருந்தார். அறைகளில் சாம்பிராணிப் புகை கமழும், உணவுக்குப்பின் ஆடலும் பாடலும் நடைபெறும் என்பது அவரது சாட்சியம். வில்பர்போர்ஸ் அவ்வருணனையை வரிவரியாக எடுத்து, அதன் பக்கத்தில் உண்மையை நிறுத்தினார். ஆடல் என்பது, உடல்நலங் கெடாதிருக்கச் சாட்டையடியால் ஆட்டுவித்தது. பாடல் என்பது, இழந்த நாட்டை எண்ணிய ஒப்பாரி. பயணத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரைக்குக் குறையாதோர் மாண்டனர் என்றார். இனிய சொற்களுக்குள் கொடிய செயலை மறைப்பது சுரண்டுவோரின் இலக்கணம். அம்மூடியைத் திறந்து காட்டுவதே நேர்மையான பேச்சாளனின் முதற்கடமை. இவ்விடத்தில் வில்பர்போர்ஸ் உயர்ந்து நிற்கின்றார்.

ஆயினும் அவருடைய "நாம்" யாரையெல்லாம் அணைத்தது என்று பார்ப்போம். சபையை அணைத்தது; வணிகரையும் அணைத்தது; அடிமையை மட்டும் அணைக்கவில்லை. பாவம் செய்தவரும் நாம். பாவம் தீர்ப்பவரும் நாம். அடிமையோ நம் பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் இடையே கிடக்கும் பொருள். தம் மனச்சாட்சியைத் தாமே தேற்றிக்கொள்ளும் ஒரு கூட்டத்தாரின் "நாம்" அது. அத்தகைய மனச்சாட்சிக்கு அவசரம் இராது. 1791இல் அவரது தீர்மானம் 163க்கு 88 என்ற கணக்கில் தோற்றது. 1792இல் 519 விண்ணப்பங்கள் பார்லிமெண்டில் வந்து குவிந்தன. அப்பொழுது ஹென்றி டண்டாஸ் என்னும் மந்திரி எழுந்து, "படிப்படியாக" என்னும் ஒரே சொல்லைத் தீர்மானத்தில் நுழைத்தார். சபை மகிழ்ச்சியோடு 230க்கு 85 என்று ஏற்றுக்கொண்டது. அவ்வொரு சொல் 15 ஆண்டுகளை விழுங்கிற்று. அடிமை வாணிகத் தடைச்சட்டம் 1807 மார்ச் 25ஆம் நாளன்றுதான் நிறைவேறியது. எதிர்க்க வகையற்ற நியாயத்தைத் தோற்கடிக்க எதிர்வாதம் வேண்டியதில்லை. "படிப்படியாக" என்ற ஒப்புதலே போதும்.

தேநீர்க் கிண்ணத்தில் நுழைந்த வாதம்

பார்லிமெண்டு கைவிட்ட இடத்தில் வாதம் அடுக்களைக்குச் சென்றது. 1791இல் வில்லியம் பாக்ஸ் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையையும் ரம்மையும் விலக்குமாறு ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். வாரத்துக்கு 5 ராத்தல் சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதம் அதனை நிறுத்தினால், ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுத்ததாகும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு அணாப்பைசாச் சுத்தமானதா என்பதன்று கேள்வி. எங்கோ கடலுக்கு அப்பால் நிகழும் கொடுமையை, கேட்பவரின் கையிலிருக்கும் கரண்டிக்குக் கொண்டுவந்து சேர்த்த திறமே வியக்கத்தக்கது. இங்கே இரக்கம் மட்டும் போதாது. வாங்குபவன் கை நீட்டாவிடில் விற்பவன் கடை விரியான் என்பது வாதம். இலட்சக்கணக்கானோர் சர்க்கரையைக் கைவிட்டனர் என்பது கிளார்க்சனின் மதிப்பீடு. வாக்குரிமையற்ற பெண்கள் இவ்வழியில் வாக்களித்தனர் எனலாம்.

அப்பெண்களுள் ஒருவரான லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக், 1824இல், படிப்படியாக அன்று, உடனே ஒழிக்கவேண்டும் என்று தலைப்பிலேயே முழங்கிய பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். நோயைத் தணிப்பதாகச் சொல்லி நோயை வளர்ப்பதே "படிப்படி" என்னும் கொள்கை என்று அவர் சாடினார். பெண்கள் ஊர் ஊராய்ச் சங்கம் வைத்துக் கிளர்ச்சி செய்வதை வில்பர்போர்ஸே விரும்பவில்லை. ஆனால் தாய்ச்சங்கத்தின் நிதியில் கணிசமான பகுதி அம்மாதர் சங்கங்களிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1830இல், கொள்கையை மாற்றாவிடில் பணம் வராது என்ற நிலையேற்பட்டபின், ஆடவர் தம் சங்கத்தின் பெயரிலிருந்து "படிப்படியாக" என்பதை நீக்கினர். டண்டாஸ் நுழைத்த சொல்லை வெளியேற்ற 38 ஆண்டுகளும், கணக்கறிந்த பெண்களும் வேண்டியிருந்தனர்.

சொல் மட்டும் தனித்து நின்றதாகவும் நாம் கொள்ளலாகாது. 1831ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் ஜமெய்க்காத் தீவில் ஸாமுவேல் ஷார்ப் என்பவர் தலைமையில் அடிமைகள் வேலை மறுத்துக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடூரமாய் அடக்கப்பட்டது. 1832இல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே விடுதலைச் சட்டம் வந்தது. லண்டன் மேடைகளில் கேட்காத குரல் ஒன்றும் அச்சட்டத்தை விரைவுபடுத்தியது என்பதை மறந்து பேசுவது நேர்மையாகாது.

மண்டியிடாத சாட்சிகள்

இனி, பேசப்பட்டவர்களே பேசியதைக் காண்போம். எக்குயானோ 1789இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அடிமையாயிருந்த காலத்தில் மான்ட்ஸெர்ரட் தீவில் ஒரு வணிகரிடம் சரக்குகளை ஏற்றி இறக்கிக் கணக்குப்பார்க்கும் கிளார்க்கு வேலையும் பார்த்தவர் அவர். சில்லறைக் காசு முதலாக வைத்துக் கண்ணாடிக் குவளை வாங்கி விற்று, மிச்சம் பிடித்து, 1766இல் 40 பவுன் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருடைய நூலில் துயரம் உண்டு, கெஞ்சுதல் இல்லை. ஆப்பிரிக்கரை விற்பதைவிட ஆப்பிரிக்கருக்கு விற்பதே இங்கிலாந்துக்கு இலாபம் என்று வணிகருடன் வணிகராய் நின்று வாதாடுகின்றார்.

மேரி பிரின்ஸ் என்னும் பெர்மூடாத் தீவுப் பெண்ணின் வரலாறு 1831இல் வெளிவந்தது. அவர் சொல்லச் சொல்ல ஓர் ஆங்கிலப் பெண்மணி எழுதினார்; அடிமை ஒழிப்புச் சங்கக் காரியதரிசி தாமஸ் பிரிங்கிள் பதிப்பித்தார். உப்பளங்களில் உழைத்ததையும் பட்ட அடிகளையும் சொல்லி, அடிமைகள் திருப்தியாயிருக்கின்றனர் என்போரை அப்பெண் நேரே மறுக்கின்றார். ஆனால் அவர் சொல் மட்டும் போதவில்லை. காரியதரிசியின் மனைவி அவரது முதுகிலிருந்த தழும்புகளைப் பார்வையிட்டு, உண்டு என்று எழுதிய கடிதம் பின்னைய பதிப்பில் சேர்க்கப்பட்டது. நண்பர்கள் செய்ததே இது! அவளுடைய வாயை நம்பாதவர்கள் அவளுடைய முதுகை நம்பினர்.

இக்குறையை நன்குணர்ந்து எதிர்த்து நின்றவர் அமெரிக்காவின் பிரெடரிக் டக்ளஸ். 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பி வந்த அவர், 1841 முதல் வில்லியம் லாயிட் காரிஸனின் சங்கத்தார்க்காக மேடையேறினார். அச்சங்க நண்பர்கள் அவரிடம் வேண்டியது என்ன? பட்டதை மட்டும் சொன்னால் போதும், தத்துவத்தைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகக் கூறினர். பேச்சில் தோட்டத்து வாடை சற்று இருப்பது நல்லது, மிகத் திருத்தமாய்ப் பேசினால் அடிமையாயிருந்தவர் என்று யாரும் நம்பமாட்டார் என்றும் சிலர் யோசனை கூறினர். காட்டப்படும் பொருளாக அவர் வேண்டும், சிந்திப்பவராக வேண்டாம்! டக்ளஸ் இணங்கவில்லை. 1845இல் எசமானன் பெயர், ஊர்ப் பெயர் உட்பட அனைத்தையும் எழுதித் தம் வரலாற்றை வெளியிட்டார். அதனால் மீண்டும் பிடிபடும் அபாயம் நேர்ந்து, கடல் கடந்து செல்லவேண்டியதாயிற்று.

1852 ஜூலை 5ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில் அமெரிக்கச் சுதந்தர விழாவை ஒட்டி அவர் ஆற்றிய பிரசங்கம், நாம் படித்தவற்றுள் தலைசிறந்தது. முதலில் அந்நாட்டைத் தோற்றுவித்த முன்னோரை மனமாரப் புகழ்கின்றார். ஆனால் "நம் முன்னோர்" என்னவில்லை. "உங்கள் முன்னோர்" என்கின்றார். நண்பர் கூட்டம், அழைத்தவர்களோ அடிமை ஒழிப்பு மாதர் சங்கத்தார். ஆயினும் இச்சுதந்தரம் உங்களுடையது, துக்கம் எங்களுடையது என்று பொருள்பட அவர் கோடு கிழிக்கும்போது, கேட்போர் தம் நாற்காலியில் நெளிந்திருப்பர். வில்பர்போர்ஸ் "நாம்" என்று சொல்லித் தணித்ததை டக்ளஸ் "நீங்கள்", "நாங்கள்" என்று சொல்லிக் கூராக்கினார்.

மேலும், அடிமை மனிதன் என்று நிரூபிக்கத் தாம் வாதாடப்போவதில்லை என்கின்றார். அடிமை வைத்திருப்போரின் சட்டமே அதனை ஒப்புக்கொண்டுவிட்டது. வர்ஜீனியாவில் கருப்பனுக்கு மரணதண்டனை விதிக்கும் குற்றங்கள் 72, வெள்ளையனுக்கு 2. அடிமைக்கு எழுத்துக் கற்பித்தால் தண்டனை என்று தென்னாட்டுச் சட்டங்கள் கூறும். மாட்டுக்கு எழுத்துக் கற்பிக்கக்கூடாது என்று எந்த நாட்டிலாவது சட்டம் உண்டோ என்று கேட்கும் வகையில் அவ்வாதம் அமைந்துள்ளது. வெட்ஜ்வுட்டின் வில்லையில் முழங்காலில் நின்று கேட்கப்பட்ட வினாவை இவர் எழுந்து நின்று திருப்பிவிட்டார். நான் மனிதனா என்பது இனி வினாவன்று. அதனை அறிந்தும் அறியாதவர்போல் நடிக்கும் நீங்கள் யார் என்பதே வினா. பிரசங்கத்தின் முடிவில் அவர் நம்பிக்கை இழக்கவில்லை. கோடு கிழித்தது பகைக்காகவன்று. கோடு இருப்பதை ஒப்புக்கொண்டாலன்றி அதனை அழிக்க வழியில்லை என்பதற்காகவே.

இரக்கத்தின் கணக்கு முடிவு

மண்டியிட்ட உருவத்தின் குறை பின்னர் வெளிப்படும் என்றோம். 1833ஆம் ஆண்டுச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1இல் அமலுக்கு வந்தபோது, நஷ்டஈடாக 2 கோடிப் பவுன் வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கன்று, அடிமைகளை இழந்த எசமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடனை அடைக்கும் கணக்கு 2015இல்தான் முடிந்தது என்றால் அத்தொகையின் பெருமை விளங்கும். விடுதலை பெற்றோருக்கு ஒரு காசும் இல்லை. அவர்கள் "தொழில் பழகுவோர்" என்னும் புதுப்பெயருடன் பழைய எசமானனுக்கே பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கவேண்டியதாயிற்று. 1838இல்தான் அதுவும் ஒழிந்தது. பாவத்தைப் போக்கிக்கொள்வதே நோக்கமாயின், பிராயச்சித்தம் முடிந்ததும் கணக்கு மூடப்படும். பட்டவனுக்கு என்ன சேரவேண்டும் என்ற பத்தியே அப்பேரேட்டில் இராது.

இவ்விடத்தில் அவ்வரலாறு நம் வாசலுக்கு வருகின்றது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாடுகளையும் இலங்கையையும் விலக்கி வைத்தது. இந்தியாவில் அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843இல்தான் பிறந்தது. கரும்புத் தோட்டங்களில் கைகள் குறைந்ததும், ஜான் கிளாட்ஸ்டன் என்னும் தோட்ட முதலாளி 1836இல் இந்தியாவிலிருந்து ஆட்கள் வேண்டுமென்று கல்கத்தாவிலிருந்த கம்பெனிக்கு எழுதினார். 1838இல் இரு கப்பல்கள் சுமார் 400 பேருடன் பிரிட்டிஷ் கயானா சேர்ந்தன. அடிமை ஒழிப்புச் சங்கத்து ஜான் ஸ்கோபிள் போன்றோர் உடனே நேரில் சென்று விசாரித்து எதிர்த்தனர் என்பதையும் நன்றியுடன் குறிப்பிடவேண்டும். ஆயினும் ஒப்பந்த முறை வளர்ந்தது. அக்காலத்தில் வெல்லஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் அம்முறையில் கொண்டுவரப்பட்டனர். மலாயாவில் அது 1910இல் நிறுத்தப்பட்டது. ஒப்பந்தக் கூலியும் விலைக்கு வாங்கிய அடிமையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஒப்பந்தத்துக்கு முடிவு நாள் உண்டு; பிள்ளைகள் பிறவியிலேயே கட்டுப்பட்டவரல்லர். ஆனால் சர்க்கரை ஒன்றே. தலையெண்ணும் பேரேடும் ஒன்றே. கூலி என்பது நம் மொழியில் உழைப்புக்குரிய ஊதியம். அஃது அப்பேரேட்டில் ஆளின் பெயராயிற்று.

நம் குறை ஒன்றையும் சொல்லி முடிப்போம். சில ஆண்டுகளுக்குமுன் தோட்டத்துத் தொழிலாளர் ஒருவர், வயதில் மூத்தவர், மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதித்தரக் கேட்டார். வீட்டுக் கூரை எம்மாதம் முதல் ஒழுகுகின்றது, எந்தெந்தத் தேதியில் யாரிடம் சொன்னார், தாமே வாங்கிய தகரத்துக்கும் ஆணிக்கும் எத்தனை வெள்ளி செலவாயிற்று என்பதையெல்லாம் வரிசையாய்ச் சொன்னார். நாம் அழகிய ஆங்கிலத்தில், ஏழையென்றும், தாழ்மையுடன் வேண்டுவதாகவும், கருணை கூர்ந்து பார்க்கவேண்டுமென்றும் எழுதிப் பொருள் சொன்னோம். அவர் சற்று மௌனமாயிருந்து, "கிராணி ஐயா, நான் கெஞ்சலையே. நடந்ததைத்தானே சொன்னேன். தேதியெல்லாம் எங்கே போச்சு?" என்றார். வெட்ஜ்வுட் செய்த வில்லையை நாமும் ஒருமுறை செய்துவிட்டோம் என்பது அப்பொழுதே உறைத்தது. அவருக்காகப் பேசுவதாக எண்ணி அவரை மண்டியிடச் செய்தோம். அக்கடிதத்தைக் கிழித்துவிட்டு, அவர் சொன்ன வரிசைப்படியே, தேதியும் தொகையும் விடாமல் மறுபடி எழுதினோம்.

அடிமை ஒழிப்போரிடம் நாம் கற்கவேண்டியது மிகுதி. கிளார்க்சனின் அளவுகோலும், ஹெய்ரிக்கின் "உடனே" என்னும் சொல்லும், இனிய வேடத்தைக் களைந்து காட்டிய வில்பர்போர்ஸின் திறமும் போற்றத்தக்கன. அவர்களிடம் கற்கக்கூடாததும் ஒன்று உண்டு. பட்டவனை வாயற்றவனாக்கி அவனுக்காக உருகுவதே அது. பிறர்க்காகப் பேனா பிடிப்போர் நம்முள் பலர்: கிராணிமார், ஆசிரியர், சங்கக் காரியதரிசிகள், பத்திரிகைக்கு எழுதுவோர். எழுதுமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோமாக: நாம் எழுதும் "நாம்" என்ற சொல்லுக்குள் அவர் இருக்கின்றாரா? இருப்பின், எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட நமக்குத் தயக்கம் இராது.